புதுச்சேரியில் ஓநாய் டாட்டூ: காசு கொடுக்கும் முன் எதைப் பார்க்க வேண்டும்

புதுச்சேரி டாட்டூ ஸ்டூடியோக்களின் ஆல்பத்தைப் புரட்டினால் வேல், சிவன் முகம், சிங்கம் வரிசையில் ஓநாய் முகமும் இருக்கும். மிஷன் வீதி, நேரு வீதிப் பக்கத்து மாடி ஸ்டூடியோக்கள் முதல் கடலூர் மஞ்சக்குப்பம், திருப்பாதிரிப்புலியூர் கடைகள் வரை இதே நிலைதான். தரத்தைச் சுருக்கமாகச் சொன்னால், கோடு போடுவதில் கைகள் நன்றாகத் தேறிவிட்டன. சுத்தம் கடைக்குக் கடை மாறுகிறது. ஓநாயை ஓநாயாக வரைவதில்தான் பல இடங்கள் சறுக்குகின்றன. ஆல்பத்தில் ஓநாய் என்று இருப்பவற்றில் பல, உண்மையில் நீலக்கண் ஹஸ்கி நாய்கள்.

இதைச் சின்ன விஷயம் என்று தள்ள முடியாது. ஓநாயைக் கேட்டு வருகிறவருக்கு அதன் மேல் ஒரு பிடிப்பு இருக்கிறது. அந்தப் பிடிப்புக்குக் காரணம் இருக்கிறது. நம் ஊரில் ஓநாய்க்கு நல்ல பெயர் கிடையாது. ஆடு நனைகிறதே என்று அழுத ஓநாயைத்தான் பழமொழி சொல்லிக்கொடுத்தது. ஆனால் அந்த விலங்கு வாழும் விதம் வேறு. ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் ஒரு குடும்பம்: தாய், தகப்பன், சமீப ஆண்டுகளில் பிறந்த பிள்ளைகள். குட்டிகளைத் தாய் மட்டும் வளர்ப்பதில்லை. தகப்பனும் மூத்த பிள்ளைகளும் தின்ற இறைச்சியை வயிற்றில் கொண்டுவந்து குட்டிகளுக்குக் கக்கிக் கொடுக்கின்றன. ஊளை நிலாவைப் பார்த்து எழுவதல்ல. பிரிந்து போன குடும்பத்தாரைக் கூப்பிடவும், பக்கத்துக் கூட்டத்தை எல்லைக்கு வெளியே நிறுத்தவும் எழுகிற குரல் அது. அண்ணன் துபாயில், தம்பி பெங்களூரில், அம்மா நெல்லிக்குப்பத்தில் என்று சிதறியிருக்கும் வீட்டுப் பிள்ளைக்கு இந்த விலங்கு ஏன் பிடிக்கிறது என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

அதனால் நல்ல கலைஞரின் முதல் கேள்வி அளவோ விலையோ அல்ல. 'ஓநாய் ஏன்?' என்பதுதான். பதிலைப் பொறுத்து வரைபடமே மாறும். குடும்பத்துக்காக என்றால் இரண்டு முகங்கள், அல்லது குட்டியோடு நிற்கும் தாய். செத்துப்போன வளர்ப்பு நாயின் நினைவாக என்றால் ஓநாய் வேண்டியதே இல்லை, அந்த நாயின் முகத்தையே போடலாம். எதுவும் கேட்காமல் போனில் நாலு படத்தைக் காட்டி 'எது வேணும்ணா?' என்கிற கடையில் பல்லைக் காட்டும் முகம்தான் கிடைக்கும். அந்தப் படம் எத்தனையோ கைகளில் ஏற்கெனவே இருக்கிறது.

கீழே 'ஆல்பா', அதாவது கூட்டத்தை அடக்கி ஆளும் தலைவன், என்று எழுதச் சொல்கிறவர்களிடம் ஒரு தகவலைச் சொல்லிவிடுவது கலைஞரின் கடமை. விலங்கு ஆய்வாளர் ருடால்ஃப் ஷெங்கல் 1947ல் எழுதிய ஆய்வு, அடைத்து வைக்கப்பட்ட ஓநாய்களைப் பார்த்தது. ஒரே குடும்பம் அல்லாதவற்றை ஒரே வேலிக்குள் போட்டதால் சண்டையும் தலைமைப் போட்டியும் அதில் தூக்கலாகத் தெரிந்தன. ஆல்பா என்ற சொல்லைப் பரப்பியதில் அமெரிக்க ஆய்வாளர் டேவிட் மெக் 1970ல் எழுதிய புத்தகத்துக்கும் பங்கு உண்டு. அவரே கனடாவின் எல்ஸ்மியர் தீவில் காட்டு ஓநாய்களைப் பல கோடைகள் பார்த்த பிறகு 1999ல் அதைத் திருத்தி எழுதினார்: அங்கே முன்னால் நிற்பது சண்டை போட்டு ஜெயித்த தலைவன் அல்ல, பெற்றோர். ஆக, பெற்றவர்களை நினைத்துப் போடுகிறவருக்கு ஓநாய் மிகப் பொருத்தமான படம். அடக்கி ஆள்வதைச் சொல்ல நினைப்பவருக்குப் பொருத்தம் குறைவு. 'தனி ஓநாய்' கேட்கிறவர்களுக்கும் ஒன்று உண்டு. வளர்ந்த ஓநாய் பெரும்பாலும் ஒன்றிலிருந்து மூன்று வயதுக்குள் வீட்டை விட்டுக் கிளம்புகிறது, துணையும் இடமும் தேடி. தனிமை அதற்குக் குடியிருப்பு அல்ல, பயணம். நடந்து போகும் ஓநாயாக, தலையைத் தோள் மட்டத்துக்குத் தாழ்த்தி வரைந்தால் அந்தப் பொருள் தானாக வந்துவிடும்.

இனி வரைபடம். ஸ்டென்சில் (ஊசி போகும் முன் தோலில் பதிக்கும் மாதிரிக் கோட்டுப்படம்) ஒட்டும் முன் கண்ணைப் பாருங்கள். குட்டியாக இருக்கும்போது நீலமாக இருக்கும் ஓநாய்க் கண், வளர வளர மாறி மஞ்சளுக்கும் தேன் நிறத்துக்கும் வந்துவிடும். பெரிய ஓநாய்க்கு நீலக்கண் போட்டால் அது ஹஸ்கி. அடுத்து புருவம். நாய்க்கு உள்புருவத்தைத் தூக்கும் ஒரு சிறு தசை நன்றாக வளர்ந்திருக்கிறது. ஓநாயில் அந்த இடத்தில் மெல்லிய நார் போல ஏதோ இருக்கிறது, அவ்வளவுதான். 2019ல் வெளிவந்த உடற்கூற்று ஆய்வு இதைக் காட்டியது. நாய் நம்மைப் பார்த்துக் கெஞ்சுவது போலத் தோன்றுவதற்கு அந்தத் தசையும் ஒரு காரணம். உள்புருவம் மேலேறிய ஓநாய் முகம் எவ்வளவு நுணுக்கமாக இருந்தாலும் பிஸ்கட் கேட்கும் நாயாகவே தெரியும். புருவக்கோடு கண்ணை ஒட்டி, மூக்கை நோக்கிச் சாய்ந்து இறங்க வேண்டும். பக்கவாட்டு முகம் என்றால் நெற்றியிலிருந்து மூக்குக்கு இறங்கும் இடத்தில் பெரிய பள்ளம் கூடாது. நீளச் சரிவு வேண்டும். முழு உடல் என்றால் கால் நீளம், மார்பு ஒடுக்கம், வால் கீழே. முதுகின் மேல் சுருண்ட வால் ஹஸ்கியுடையது.

இன்னொன்றையும் கேட்டுப் பார்க்கலாம்: நம் நாட்டு ஓநாய். ஆல்பங்களில் இருப்பதெல்லாம் பனிக்காட்டு ஓநாய், கழுத்தில் அடர்ந்த பிடரியோடு. இந்திய ஓநாய் மெலிந்தது, ஏறக்குறைய 20 கிலோ எடை, சாம்பல் கலந்த பழுப்பு, காது பெரிதாகத் தெரியும், முடி குட்டை. வாழ்வது அடர்காட்டில் அல்ல, புல்வெளியிலும் முள்காட்டிலும். கர்நாடகத்தின் மேல்கோட்டே சரணாலயம் 1974லும் ஜார்க்கண்டின் மகுவாடாண்ட் சரணாலயம் 1976லும் இந்த விலங்குக்காகவே ஏற்பட்டவை. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில், அதிகப் பாதுகாப்பு தரும் முதல் அட்டவணையில் இருக்கிறது. டாட்டூவுக்கும் இதுவே எளிது என்பது எங்கள் கணிப்பு: முடி குட்டை என்பதால் ஆயிரம் மெல்லிய கோடு தேவையில்லை, முகத்தின் எலும்பமைப்பே படத்தைத் தாங்கும். படத்தைக் கையோடு கொண்டுபோங்கள், கடையில் இருக்காது.

தோலுக்கு வருவோம், காசு வீணாவது பெரும்பாலும் இங்கேதான். மை நிற்க வேண்டிய ஆழம் ஒன்றிலிருந்து இரண்டு மில்லிமீட்டர். மேலே நின்றால் உதிரும். கீழே போனால் கோட்டைச் சுற்றி நீலம் படர்ந்து கசியும். மணிக்கட்டின் உள்பக்கம், முழங்கை மடிப்பு, கணுக்கால் போன்ற மெல்லிய தோலில் இந்தக் கசிவு அதிகம். முடிக்கு 3 ஆர்.எல். ஊசி (கோடு போட மூன்று முனைகளை வட்டமாகக் கட்டியது), வெளிக்கோட்டுக்கு 5 அல்லது 7 முனை, நிழலுக்கு வளைந்த மேக்னம் (முனைகளை அகலமாக அடுக்கிய ஊசி): இந்த மூன்றும் மேசையில் இருந்தால் வேலை தெரிந்த கை. ஒரே ஊசியில் எல்லாவற்றையும் முடிப்பவரிடம் முகம் போட வேண்டாம். இரண்டு முடிக்கோட்டுக்கு நடுவே ஒரு மில்லிமீட்டராவது வெறும் தோல் விட வேண்டும். கோடு வருஷத்துக்கு வருஷம் தடிக்கும். இடைவெளி இல்லாத முடி சில ஆண்டுகளில் சாம்பல் திட்டாகிவிடும். அதே காரணத்தால்தான் கண் ஒரு சென்டிமீட்டர் அகலத்துக்குக் குறையக் கூடாது, முழு முகம் 10 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது. கட்டைவிரல் அளவில் ஓநாய் முகம் வேண்டும் என்றால் வெறும் நிழலுருவம் போடுங்கள்.

நம் நிறத்துக்கு ஒரு தனிக் கணக்கு. மாநிறத் தோலிலும் கறுப்புத் தோலிலும் மையின் மேல் நம் நிறம் திரையாக நிற்கும். இளஞ்சாம்பல் நிழல் ஆறிய பிறகு காணாமல் போகும். வெள்ளை மை மஞ்சளித்து மங்கும். தேர்ந்தவர்கள் இளஞ்சாம்பலை விட்டுவிட்டு, கறுப்பை அழுத்திப் போட்டு, வெளிச்சம் வேண்டிய இடத்தில் தோலையே விட்டுவிடுகிறார்கள். ஓநாயின் கண்ணில் மினுங்கும் புள்ளியும் அப்படித்தான் வர வேண்டும்: வெள்ளை மையால் அல்ல, சுற்றிலும் கறுப்பு நெருங்கி நடுவில் விட்ட தோலால். புதிதாகப் போட்ட படத்தைக் காட்டினால் எல்லாமே பளிச்சென்றுதான் இருக்கும். ஆறு மாதமோ ஒரு வருஷமோ ஆன, உங்கள் நிறத்தவரின் கையில் இருக்கிற படத்தைக் கேளுங்கள். அதைக் காட்ட முடிந்த ஸ்டூடியோவுக்கு எங்கள் மதிப்பெண் உடனே கூடும்.

சுத்தத்தில் விட்டுக்கொடுக்க ஒன்றுமில்லை. ஊசிக் கார்ட்ரிட்ஜ் (மெஷினில் மாட்டும் ஊசிக்கூடு) உறையை உங்கள் கண்முன் பிரிக்க வேண்டும், காலாவதித் தேதி தெரிய வேண்டும். மையைச் சின்னக் கிண்ணத்தில் ஊற்றி, மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். பாட்டிலுக்குத் திருப்பி ஊற்றுகிற கடையிலிருந்து எழுந்து வந்துவிடுங்கள். மெஷினுக்கும் ஒயருக்கும் பிளாஸ்டிக் உறை, நைட்ரைல் கையுறை, நடுவில் போனைத் தொட்டால் கையுறை மாற்றம். மறுபடி பயன்படுத்தும் இரும்புக் கருவி ஏதாவது இருந்தால் ஆட்டோகிளேவில் (நீராவி அழுத்தத்தில் கிருமி கொல்லும் கலத்தில்) 121 டிகிரி செல்சியஸில் 15 நிமிடமாவது வைத்ததாக இருக்க வேண்டும். புற ஊதா விளக்குப் பெட்டி அதற்கு மாற்று இல்லை. திருவிழாக் கடைகளிலும் ஞாயிறு சந்தையிலும் உட்கார்ந்த இடத்தில் போட்டுவிடுவதை இந்த ஒரு காரணத்துக்காகவே தவிர்க்கச் சொல்கிறோம். ஹெபடைட்டிஸ் பி, சி இரண்டும் ஊசி வழியாகப் பரவக்கூடியவை. கடற்கரையில் 'பத்து நாளில் போயிடும்' என்று போடும் கறுப்பு மருதாணியும் வேண்டாம். தலைச்சாயத்தில் சேர்க்கும் ரசாயனம் அதில் கலந்திருந்தால் தோல் கொப்பளித்து அதே வடிவத்தில் தழும்பு நிற்கும்.

கடலோர ஊரில் ஆறவைப்பதுதான் கடினம். வியர்வையும் உப்புக்காற்றும் எந்நேரமும் மேலே இருக்கும். கடையில் டாட்டூவை மூடி மெல்லிய பிளாஸ்டிக் ஒட்டுப் படலம் போட்டு அனுப்பினால் அடியில் மையும் நீரும் சேர்வது இயல்பு. ஓரம் பிரிந்து ஒழுக ஆரம்பித்தால் அன்றே கழற்றிவிட வேண்டும், மேலே இன்னொன்றை ஒட்டக் கூடாது. பிறகு வாசனை இல்லாத சோப்பில் நாளுக்கு இரண்டு மூன்று முறை கழுவி, ஒற்றி உலரவைத்து, களிம்பைத் தோல் பளபளக்கும் அளவுக்கு மட்டும் தடவுங்கள். இங்கே பலர் செய்யும் தவறு களிம்பை அப்புவது. வெக்கையில் அது வியர்வையை அடைத்துப் பருக்களாக்கும், பொருக்கு ஊறி மையோடு பெயரும். தேங்காய் எண்ணெய், மஞ்சள் இரண்டும் முதல் இரண்டு வாரம் வேண்டாம். பொருக்கைக் கிள்ளினால் அந்த இடத்தில் ஓநாய்க்கு முடி இருக்காது.

கடலில் இறங்கக் கூடாது. குறைந்தது மூன்று வாரம். செரினிட்டி கடற்கரையில் அலைச்சறுக்கு, சில்வர் பீச்சில் குளியல், நீச்சல் குளம் எல்லாம் இதில் அடங்கும். மாசி மகத்துக்கு தேவனாம்பட்டினத்திலோ வைத்திக்குப்பத்திலோ தீர்த்தவாரியில் முழுக நினைப்பவர்கள் அதற்கு ஒரு மாதம் முன்பே டாட்டூவை முடித்துக்கொள்ளுங்கள், அல்லது மகம் கழிந்த பிறகு போடுங்கள். வெதுவெதுப்பான கடல்நீரில் வாழும் வைப்ரியோ வகைக் கிருமி திறந்த புண் வழியாக ரத்தத்தில் ஏறினால், அதுவும் கல்லீரல் கெட்டவர்களுக்கு, உயிருக்கே ஆபத்து. புது டாட்டூவோடு கடலில் இறங்கி அப்படி இறந்தவர் பற்றி மருத்துவ இதழில் பதிவு இருக்கிறது. அக்னி நட்சத்திர நாட்களில் போடாமல் இருப்பதே மேல். ஆடி தாண்டிப் போட்டால் ஆறுவது சுலபம்.

சிலருக்கு நல்ல கடையே 'வேண்டாம்' என்று சொல்ல வேண்டும். தழும்பு தடித்து வளரும் உடல்வாகு இருந்தால் மார்பு, தோள், மேல்முதுகு கூடாது; காது குத்திய இடத்தில் முடிச்சு விழுந்திருந்தால் அதுவே எச்சரிக்கை. கட்டுக்குள் வராத சர்க்கரை, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை என்றால் டாக்டரைக் கேட்டுவிட்டு வரட்டும். சிவப்பு நிலா பின்னணி கேட்பவர்கள் கவனிக்க: ஒவ்வாமை அதிகம் தருவது சிவப்பு மை. ரத்த தானம் செய்கிறவர்கள் டாட்டூ போட்ட நாளிலிருந்து ஒரு வருஷம் கொடுக்க முடியாது. ராணுவத்துக்குத் தயாராகும் தம்பிகள், முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரையிலான உள்பக்கமும் புறங்கையும் தவிர வேறு இடத்தில் போட்டால் தேர்வில் தள்ளப்படலாம் என்பதைத் தெரிந்துகொண்டு உட்காருங்கள். பதினெட்டு ஆகாதவருக்குப் போடுகிற கடையை நாங்கள் பரிந்துரைப்பதில்லை.

விலை பெரும்பாலும் சதுர அங்குலக் கணக்கு. அங்குலத்துக்கு 500 ரூபாய் என்று வைத்தால் 5க்கு 4 அங்குல முகம் 10,000 ரூபாய். இந்தக் கணக்கில் ஒரு சிக்கல்: வெறும் கறுப்பு நிரப்பிய வானமும் நுணுக்கமான கண்ணும் ஒரே விலைக்கு வருகின்றன, அதனால் பின்னணியைப் பெரிதாக்கி மலை, பைன் மரம், நிலா என்று சேர்த்து அங்குலம் ஏற்றுவார்கள். முகத்துக்கு மட்டும் விலை பேசுங்கள். மணிக்கணக்கில் அல்லது மொத்தமாக விலை சொல்லும் கலைஞர் கிடைத்தால் ஓநாய்க்கு அதுவே லாபம். அவருக்கும் கண்ணில் நேரம் செலவிட மனம் வரும். நாலு முதல் ஆறு வாரம் கழித்து மை விட்ட இடங்களை ஒரு முறை இலவசமாகச் சரிசெய்து தருவார்களா என்று முன்பணம் கொடுக்கும்போதே கேட்டு, வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். திருத்தத்துக்குப் போகும்போது மூக்கு நுனியையும் உள்புருவத்தையும் முதலில் காட்டுங்கள். மை பெயர்ந்திருப்பது அங்கேதான் முதலில் கண்ணில் படும்.