வெள்ளாட்டுக் கிடாவா, செம்மறிக் கிடாவா: கறிவிருந்துக்கு எது கட்டுப்படியாகும்?

போன வைகாசியில் அக்கா மகளுக்குக் காது குத்தினோம். தாய்மாமன் என்பதால் கறி என் பொறுப்பு. மன்னார்குடிப் பக்கம் சம்பா அறுத்த வயலெல்லாம் காய்ந்து கிடந்தது, ராமநாதபுரத்திலிருந்து மந்தையோடு வந்த கீதாரி (ஆடு மேய்ப்பவர்) ஒருவர் எங்கள் வயலில்தான் ராத்திரி ஆடுகளை அடைத்துக் கிடை போட்டிருந்தார். அவரிடம் ஒரு செம்மறிக் கிடா, தெருவில் ஒரு வீட்டில் வெள்ளாட்டுக் கிடா என்று இரண்டையும் வாங்கி, கொக்கித் தராசோடு உட்கார்ந்துவிட்டேன்.

ருசி அவரவர் நாக்கு. விலையும் தெரிந்ததுதான், அன்றைக்கு உயிர் எடைக்கு வெள்ளாடு கிலோ 420 ரூபாய், செம்மறி 380. செம்மறிதான் லாபம் என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

விஷயம் வயிற்றில் இருக்கிறது. செம்மறி தலை நிமிராமல் தாளையும் புல்லையும் மேய்ந்துகொண்டே போகும், சாயங்காலம் வாய்க்காலில் தண்ணீரையும் குடித்துவிட்டு வந்து நிற்கும்போது நல்ல பாரம் குடலில்தான். வெள்ளாடு பூவரசு, அகத்தி, வேலியில் இருக்கிற கிளுவை என்று எட்டி எட்டிக் கடிக்கிற ஜாதி, அவ்வளவு அடைக்காது. சாயங்காலம் எடை போட்டபோது செம்மறி 26 கிலோ, வெள்ளாடு 22. ராத்திரி தீனி போடாமல் தண்ணீர் மட்டும் வைத்து, காலையில் திரும்பத் தூக்கினால் செம்மறி 24.3, வெள்ளாடு 21.2. அதாவது செம்மறியில் 1.7 கிலோ புழுக்கைக்கும் மூத்திரத்துக்கும் கிலோ 380 என்று கொடுத்திருக்கிறேன்!

தலை, கால், தோல், குடல் போக உரித்த எடை செம்மறி 11.6, வெள்ளாடு 10.3. சாயங்கால எடைக்குக் கொடுத்த பணத்தை இதால் வகுத்தாலும் செம்மறிக் கறி கிலோ 852 ரூபாய்தான், வெள்ளாடு 897. ஆனால் கொழுப்பைப் பாருங்கள். வெள்ளாட்டுக்குக் கொழுப்பு பெரும்பாலும் உள்ளே, குடலைச் சுற்றி வலை மாதிரியும் சிறுநீரகத்தின் மேலும் இருக்கும், அது குடலோடேயே போய்விடும். செம்மறிக்குத் தோலுக்கு அடியில் முதுகு நெடுக வெள்ளையாகப் படிந்திருக்கும், அது கறி எடையோடு ஏறி உட்கார்ந்துகொள்ளும். சமையல்காரர் செம்மறியில் 1.1 கிலோ சீவித் தள்ளினார், வெள்ளாட்டில் 200 கிராம். இப்போது போட்டால் வெள்ளாடு 915, செம்மறி 941. அவ்வளவு சீவியும் செம்மறிக் குழம்பு இலையில் ஆறியதும் ஓரத்தில் உறைந்துபோய் நின்றது.

உரிக்க வந்த பெரியவர், "மானா இருந்தா பாதிக்கு மேல கறி நிக்கும் தம்பி, கொழுப்பே இருக்காது" என்றார். சொன்னது தப்பில்லை. நியூசிலாந்தில் பண்ணையில் வளர்க்கிற செம்மானில் உயிர் எடையில் 55 சதவீதத்தை ஒட்டி உரித்த எடை நிற்கிறது, கொழுப்பும் சொற்பம். ஆனால் நம் ஊரில் மானைத் தொட்டால் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி ஜெயில். கோடியக்கரையில் நாம் மான் என்று காட்டுகிற வெளிமான் மான் குடும்பமே இல்லை, கொம்பை உதிர்க்காத இரலை வகை. அப்புறம், விரட்டி அடித்த மிருகத்தின் கறி கறுத்து, பிசுபிசுவென்று சீக்கிரம் கெட்டுப்போகும். ஓடிக் களைத்த தசையில் சர்க்கரைச் சத்து தீர்ந்துவிடுவதால் வெட்டிய பிறகு வரவேண்டிய புளிப்பு வராது. டூ வீலரில் காலைக் கட்டித் தொங்கவிட்டு வந்து இறக்கியதும் வெட்டுகிற ஆட்டுக்கும் இதே கதிதான், ஒரு ராத்திரி நிழலில் கட்டிப் போடுங்கள்.

செம்மறியின் ஈரலில் தட்டைப்புழு இருந்தது, தூக்கி எறிந்தோம். நத்தை இருக்கிற ஈர வயலில் மேய்கிற ஆட்டுக்கு வருவதுதான், வெள்ளாட்டுக்கும் வரும், அதனால் அதைச் செம்மறியின் குற்றமாக எழுதவில்லை. நான் எடை போட்டதும் ஒரு ஜோடிதான், இளங்குட்டி செம்மறியாக இருந்தால் கொழுப்புக் கணக்கு மாறும். இருநூறு பேருக்கு மேல் என்றால், கிடை பக்கத்தில் இருக்கும்போது, எண்ணிக்கைக்குச் செம்மறிதான் சுலபமாகக் கிடைக்கும், அதையும் மறுக்கவில்லை.

ஆவணியில் அண்ணன் வீட்டு விசேஷத்துக்கு வெள்ளாட்டுக்கே முன்பணம் கொடுத்திருக்கிறேன். காலையில், வெறும் வயிற்றில்தான் தராசில் தூக்குவது என்று பேச்சு. விற்கிறவர் முகம் கொஞ்சம் சுருங்கியது, சரி என்றுவிட்டார்.