பிக்கப் வண்டிக்கு ஷாக் அப்சார்பர்: நாமே மாற்றலாமா, கடைக்கு விடலாமா?

செங்குன்றம் பக்கத்து பிளான்ட்டில் 20 லிட்டர் கேன் 50 ஏற்றினால் தண்ணீர் மட்டுமே ஒரு டன். அந்த லோடோடு மாதவரம், பெரம்பூர், வியாசர்பாடி என்று தினம் இரண்டு நடை. மெட்ரோவுக்காகத் தோண்டி, மூடி, மறுபடி தோண்டிய சாலைகள் வேறு. போன மாதம் ஸ்பீடு பிரேக்கர் தாண்டிய பிறகும் வண்டியின் பின்பக்கம் இரண்டு மூன்று முறை ஆடி அடங்கியது. டயரை உள்ளங்கையால் தடவினால் மேடும் பள்ளமுமாகத் தட்டுப்பட்டது. ஷாக் போய்விட்டது, மாற்றியாக வேண்டும். யார் மாற்றுவது என்பதுதான் கேள்வி.

பலரும் இதைக் கூலிக் கணக்காகப் பார்க்கிறார்கள். கம்பெனி சர்வீஸ் சென்டர், தெருமுனை மெக்கானிக், நானே என்று மூன்று வழியிலும் மாற்றிப் பார்த்தவன் நான். வண்டியின் எந்தப் பக்கம், அங்கே என்ன ஸ்பிரிங் என்று பார்த்துதான் முடிவெடுக்க வேண்டும் என்பேன்.

அதற்கு முன்னால், ஷாக் நிஜமாகவே போய்விட்டதா என்று பாருங்கள். காரின் மூலையை அழுத்தி விட்டுப் பார்ப்பது போல லோடு வண்டியில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. பட்டாவின் (தகடுகளை அடுக்கிய லீஃப் ஸ்பிரிங்) கடினம் எல்லாவற்றையும் மறைத்துவிடும். குண்டும் குழியுமான சாலையில் அரை மணி நேரம் ஓட்டி நிறுத்தியதும் ஷாக்கின் உடம்பை மெதுவாகத் தொட்டுப் பாருங்கள் (சைலன்சர் பக்கம் கை போகாமல் கவனம்). வேலை செய்யும் ஷாக் சூடாக இருக்கும்; ஆட்டத்தை உள்ளே இருக்கும் எண்ணெயில் வெப்பமாக மாற்றுவதுதான் அதன் வேலை. ஒன்று சூடாகவும் இன்னொன்று குளிர்ந்தும் இருந்தால் குளிர்ந்தது செத்துவிட்டது. மேலே லேசாக எண்ணெய் ஈரம் இருந்தால் பயப்பட வேண்டாம். சொட்டினாலோ, வழிந்து புழுதி அப்பியிருந்தாலோ மாற்ற வேண்டியதுதான்.

சரி, கம்பெனி சர்வீஸ் சென்டர். வாரண்டிக் காலம் முடியவில்லை என்றால் யோசிக்கவே வேண்டாம், முதலில் அங்கே போய்க் கேளுங்கள். அசல் பார்ட் வரும், போல்ட்டைச் சரியான டார்க்கில் (முறுக்கு விசை அளவில்) முறுக்குவார்கள். ஆனால் வண்டியைக் காலையில் விட்டால் மாலையில்தான் கைக்கு வரும். கேன் போடும் வண்டிக்கு ஒரு நாள் நின்றால் அன்றைய வருமானமும் போகிறது, தண்ணீர் வராத வீடுகள் வேறு ஆளைக் கூப்பிட்டுக்கொள்கின்றன. வாரண்டி முடிந்த வண்டிக்குப் பின்பக்க ஷாக் மாற்ற மட்டும் அங்கே போவது எனக்குச் சரியாகப் படவில்லை.

தெருமுனை மெக்கானிக் வேகமானவர். ஒரு மணி நேரத்தில் முடித்துவிடுவார். கடினமான வேலைகளுக்கு இன்றும் அவர்களைத்தான் நம்புகிறேன். ஆனால் இரண்டு விஷயத்தில் நாம் விழிப்பாக இருக்க வேண்டும். போன தடவை ஒரு ஷெட்டில் நடந்த பேச்சு இது:

"அண்ணா, பின்னாடி ரெண்டு ஷாக்கும் மாத்திடுங்க."

"ஒண்ணுதான் தம்பி ஒழுகுது. அதை மட்டும் மாத்திக்கலாம், காசு மிச்சம்."

நல்ல எண்ணத்தில் சொன்னதுதான். இருந்தாலும் ஒரே ஆக்ஸிலில் ஒரு பக்கம் புதுசும் மறுபக்கம் பழசும் இருந்தால் இரண்டு சக்கரமும் இரண்டு விதமாகக் குதிக்கும். மழை ஈரத்தில் பிரேக் பிடிக்கும்போது அதன் பலன் தெரியும். ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும்.

இரண்டாவது விஷயம் இன்னும் முக்கியம். அங்கே வண்டியை ஜாக்கியில் தூக்கி, சக்கரம் தொங்கிய நிலையிலேயே போல்ட்டை முழுதாக முறுக்கினார்கள். ஷாக்கின் இரு முனையிலும் உள்ள ரப்பர் புஷ் அந்த நிலையிலேயே கடிபட்டு நின்றுவிடும். வண்டியைக் கீழே இறக்கியதும் புஷ் முறுக்கிக்கொண்டு, ஒவ்வொரு பள்ளத்திலும் இன்னும் முறுகும். சில மாதத்தில் என் வண்டியில் ரப்பர் கிழிந்து, பின்னால் 'டக் டக்' என்று சத்தம் வர ஆரம்பித்தது. ஷாக்குக்கு ஒன்றும் ஆகவில்லை, புஷ்தான் போனது. அன்றைக்குத்தான் அடுத்த முறை நானே செய்வது என்று முடிவெடுத்தேன்.

பின்பக்கம் பட்டா உள்ள பிக்கப்பில் இந்த வேலைக்குப் பெரும்பாலும் ஜாக்கியே தேவைப்படாது. காரைவிட உயரமான வண்டி. லோடு இறக்கி, சமதரையில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, முன்சக்கரங்களுக்குக் கட்டை வைத்தால் ஆள் படுத்தபடி உள்ளே நுழைந்துவிடலாம். எடையைத் தாங்குவது பட்டாதான், ஷாக் இல்லை. அதனால் ஷாக்கைக் கழற்றினாலும் வண்டி இறங்காது. சக்கரம் தரையில் இருப்பதால் புஷ் விஷயமும் தானாகவே சரியாகிவிடும். ஜாக்கி வைத்துத்தான் ஆக வேண்டும் என்றால் ஸ்டாண்டு கொடுக்காமல் வண்டிக்குக் கீழே தலையை நீட்டாதீர்கள். ஹாலோ பிளாக் கல்லை முட்டுக் கொடுப்பவர்களைப் பார்க்கிறேன். அது சொல்லாமல் கொள்ளாமல் நொறுங்கும்.

முந்தின நாள் இரவே நட்டுகளைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து டபிள்யூடி 40 அடித்து வைத்தேன். காலையில் ரிங் ஸ்பேனரும் நீளமான கைப்பிடி போட்ட பாக்ஸ் ஸ்பேனரும் போதுமாக இருந்தன. புது ஷாக்கை மாட்டுவதற்கு முன் நிமிர்த்திப் பிடித்து நான்கைந்து முறை முழுதாக இழுத்து அழுத்த வேண்டும். கடையில் படுத்துக் கிடந்தபோது எண்ணெய்க்குள் புகுந்த காற்று அப்போதுதான் வெளியேறும். பளபளக்கும் தண்டைப் பிளையரால் பிடிக்கவே கூடாது. அதில் ஒரு கீறல் விழுந்தாலும் சீல் கிழிந்து, புது ஷாக் ஒழுகத் தொடங்கும். சில வண்டிகளில் லோடுக்கு ஏற்ப பின் பிரேக்கைக் கூட்டிக் குறைக்கும் ஒரு கம்பி ஆக்ஸிலில் இருந்து மேலே போகும். அதை அசைக்காதீர்கள். முறுக்க வேண்டிய அளவு வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும். டார்க் ஸ்பேனர் இல்லை என்றால் ஒரு நாளைக்குக் கடன் வாங்குங்கள்.

எனக்கு இரண்டரை மணி நேரம் ஆனது. மிச்சமான கூலி பெரிய தொகை ஒன்றும் இல்லை. ஆனால் அடியில் படுத்திருந்தபோது பட்டாவில் ஒரு தகடு விரிசல் விட்டிருப்பதைக் கண்ணால் பார்த்தேன். லோடோடு ஜி.என்.டி. சாலையில் போகும்போது அது முறிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே நடுக்கமாக இருக்கிறது.

எல்லா வண்டிக்கும் இது பொருந்தாது. காசிமேட்டில் மீன் ஏற்றும் வண்டிகளின் அடிப்பக்கத்தைப் பாருங்கள், ஐஸ் உருகிய உப்புத் தண்ணீர் சொட்டிச் சொட்டி போல்ட்டும் புஷ்ஷும் ஒன்றாக இறுகிப்போயிருக்கும். அங்கே ஸ்பேனர் வேலை செய்யாது, அறுத்துத்தான் எடுக்க வேண்டும். அறுக்கிறேன் என்று கேஸ் நிரப்பிய ஷாக்குக்குப் பக்கத்தில் நெருப்பைக் கொண்டுபோவது ஆபத்து. அந்த வேலையை ஷெட்டுக்கு விட்டுவிடுங்கள்.

எந்த ஷாக் வாங்குவது? சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையின் உதிரிபாகக் கடைகளில் கம்பெனி பார்ட்டும் கிடைக்கும், கேப்ரியல், மன்ரோ போன்ற பிராண்டுகளும் கிடைக்கும். கேஸ் ஷாக் கொஞ்சம் விலை கூடுதல். ஓயாத குலுக்கலில் எண்ணெய் நுரைத்தால் ஷாக் பிடிப்பை இழக்கும். உள்ளே அழுத்தத்தில் இருக்கும் நைட்ரஜன் அந்த நுரையைக் கட்டுப்படுத்துகிறது. நம் சாலைக்கு அந்தக் கூடுதல் விலை தகும். காலி வண்டியில் கொஞ்சம் விறைப்பாகத் தெரியும், அவ்வளவுதான். ஒரே ஆக்ஸிலில் ஒன்று கேஸ், ஒன்று எண்ணெய் என்று கலக்காதீர்கள். கேஸ் ஷாக் போட்டால் கூடுதல் லோடு ஏற்றலாம் என்று யாராவது சொன்னால் நம்பவும் வேண்டாம். ரீகண்டிஷன் ஷாக் பக்கம் போகவே போகாதீர்கள். வெட்டி, எண்ணெய் மாற்றி, வெல்டு வைத்து, மேலே பெயிண்ட் அடித்தது அது. உள்ளே தேய்ந்த வால்வு தேய்ந்தபடியேதான் இருக்கும்.

இனி முன்பக்கம். டாடா ஏஸ் போல முன்னாலும் பட்டா உள்ள வண்டி என்றால் துணிந்து நீங்களே செய்யலாம். என் வண்டியில் முன்னால் காயில் ஸ்பிரிங் (சுருள் வில்), அதன் நடுவில் ஷாக். அந்த ஸ்பிரிங் எப்போதும் அமுங்கிய நிலையில் இருக்கிறது. ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கம்ப்ரெஸர் கருவியைப் போடாமல் மேல் நட்டைக் கழற்றினால் அது எகிறும் வேகத்தில் ஆள் உயிரே போகலாம். வாடகைக்குக் கம்ப்ரெஸர் வாங்கி வீட்டு வாசலில் முயற்சி செய்யும் வேலை இல்லை இது. முன் ஜோடியை அதே தெருமுனை அண்ணாவிடம்தான் கொடுத்தேன், முடியும் வரை பக்கத்திலேயே நின்றேன்.

"அண்ணா, கீழ் போல்ட்டை மட்டும் இப்போ லூஸா விடுங்க. வண்டியை இறக்கினதுக்கு அப்புறம் டைட் பண்ணிக்கலாம்."

"இறக்கினா கை நுழையாதே தம்பி."

யோசித்துவிட்டு, இரண்டு பக்கமும் சக்கரத்தைத் தாங்கும் கீழ்க்கைக்கு (லோயர் ஆர்ம்) அடியில் ஜாக்கி கொடுத்து, வண்டி தரையில் நிற்கும் உயரத்துக்கு அதைத் தூக்கி வைத்து அவரே முறுக்கிக் கொடுத்தார்.