38,500 ரூபாயும் இடம் மாறிய ஒரு கொம்பும்: பாடல் காணொளிக்கு ஆள் தேடும் மாணவர்களுக்கு எச்சரிக்கை

எங்கள் பாடல் காணொளிக்காகப் பணம் வாங்கிய ஆளின் கைபேசி எண், நேற்று மாலை ஐந்து மணியளவில் என்னைத் தடை செய்துவிட்டது. என் மாணவர்கள் ஆறு பேரின் எண்களும் ஒவ்வொன்றாகத் தடை செய்யப்பட்டிருப்பது இரவுக்குள் தெரிந்துவிட்டது. எங்களிடமிருந்து போன தொகை 38,500 மொரிசியஸ் ரூபாய். கோபம் ஆறிய பிறகு எழுதினால் நாகரிகம் கருதிப் பாதியை விட்டுவிடுவேன் என்று தெரிவதால், விடிவதற்குள் இதை எழுதி முடிக்க நினைக்கிறேன். புகார் விசாரணையில் இருப்பதால் யார் பெயரையும் சொல்லவில்லை. படம் வரைவோரையும் ஒளிப்பதிவாளர்களையும் வாடிக்கையாளர்களோடு இணைத்துவைத்துத் தரகு பெறும் இணையச் சந்தை ஒன்று. அதில் ‘பாடல் காணொளி, அட்டைப்படம் இரண்டும் ஒரே இடத்தில்’ என்று கடை விரித்திருந்த ஒருவர். இவ்வளவு போதும். இப்படிப்பட்டவர்களை எப்படி அடையாளம் காண்பது என்பதைப் பதிவின் முடிவில் விரிவாகவே சொல்கிறேன்.

நான் மொரிசியஸில் குவாத்ர் போர்ன் என்ற ஊருக்கு அருகே ஒரு கோயில் மண்டபத்தில் மாலை நேரத் தமிழ் வகுப்பு நடத்துகிறேன். கிரேட் 12 படிக்கும் ஆறு மாணவர்கள் சென்ற ஆண்டு இறுதியில் ஒரு பாடலை எழுதி, தாங்களே மெட்டமைத்து, ஒரு நண்பரின் வீட்டு அறையில் ஒலிப்பதிவும் செய்துவிட்டார்கள். பாடலின் பெயர் ‘கொண்டல்’. கிழக்கிலிருந்து வீசும் காற்றுக்குத் தமிழில் அந்தப் பெயர் இருக்கிறது என்று வகுப்பில் நான் சொன்னபோது, ஆண்டின் பெரும்பகுதியும் தென்கிழக்குக் காற்றில் வாழும் இந்தத் தீவுப் பிள்ளைகளுக்கு அந்தச் சொல் பிடித்துப்போயிற்று. சொற்கள் தமிழ், தாளம் ரவான் என்ற எங்கள் தீவின் கைப்பறை. உலகெங்கும் இசை நாளாகக் கொண்டாடப்படும் ஜூன் 21 அன்று காணொளியை வெளியிட வேண்டும் என்பது அவர்களுடைய கனவு.

பிள்ளைகள் விளையாட்டாகத் திட்டமிட்டார்கள் என்று யாரும் எண்ண வேண்டாம். பாடலின் நீளம் 3 நிமிடம் 40 நொடி, அதாவது 220 நொடி. ஒரு காட்சித்துண்டு சராசரியாக 4 நொடி நின்றால் 55 துண்டுகள் வேண்டும் என்று கணக்கிட்டு, உபரியாக ஏழு சேர்த்து, 62 துண்டுகளையும் ஒரு கோடு போட்ட நோட்டில் சிறு சிறு கட்டங்களாக வரைந்திருந்தார்கள். ரவானின் ஆட்டுத்தோலை நெருப்பருகே காட்டிச் சூடேற்றி முறுக்கேற்றுவதை நெருக்கத்தில் எடுப்பது முதல் துண்டு. கரும்புக்குள் ஓடும் காட்சி மெதுவாக நகர வேண்டும், ஆனால் பாடும் உதடு பாட்டோடு பொருந்த வேண்டும் என்பதற்காக, நொடிக்கு 50 படங்களாக எடுத்து 25 ஆக ஓட்டுவது என்றும், எடுக்கும்போது பாடலை இரட்டை வேகத்தில் ஒலிக்கவிட்டு அதற்கேற்பப் பாடுவது என்றும் தீர்மானித்து, அந்த இரட்டை வேகத்தில் வாயசைக்கப் பழகியும் வைத்திருந்தார்கள். மொட்டை மாடியில் அவர்கள் பழகியதைப் பார்த்து நான் வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறேன். இன்று நினைத்தால் வயிறு எரிகிறது.

படப்பிடிப்பை மே மாதத்தில் வைத்ததற்கும் காரணம் உண்டு. மே மாதத்தில் கரும்பு பூக்கத் தொடங்கும். வெளிர் ஊதாவும் வெள்ளியும் கலந்த அந்தப் பூக்கதிர்கள் காலை வெயிலில் தலையசைக்கும். ஜூனில் வெட்டு தொடங்கிவிடும். தவறவிட்டால் அடுத்த ஆண்டுதான். அடுத்த ஆண்டு இந்த ஆறு பேரும் எங்கெங்கு இருப்பார்களோ.

அட்டைப்படமும் அதே நிறத்தில், அதே ஒளியில் இருக்க வேண்டும் என்றார்கள். காணொளியிலிருந்தே ஒரு படத்தை வெட்டிக்கொள்ளலாமே என்று நான் கேட்டபோது, 1920-க்கு 1080 அளவுள்ள சட்டகத்தில் சதுரமாக வெட்டினால் 1080 பிக்சல்தான் தேறும், பாடலை ஏற்றும் தளங்களுக்கோ 3000-க்கு 3000 வேண்டும் என்று ஒரு மாணவி எனக்குப் பாடம் எடுத்தாள். எனவே படப்பிடிப்பு நடக்கும் அதே காலையில் தனியாக நிழற்படமும் எடுக்கப்பட வேண்டும். இணையம் பழகாத பாட்டி தாத்தாக்களுக்காக ஐம்பது குறுவட்டுகள். அதற்கு 12 செ.மீ. சதுர உறை, வெட்டுக்காக நாற்புறமும் 3 மி.மீ. கூடுதல். இத்தனையையும் எழுத்தில் கொடுத்தோம். ஏமாற்றப்பட்டவர்கள்மீதே ‘சரியாகச் சொல்லியிருக்க மாட்டீர்கள்’ என்று பழி போடுவோருக்காகத்தான் இவ்வளவு விவரம்.

இனி நான் ஏமாந்த இடத்தைச் சொல்கிறேன். எங்களிடம் விலை சொன்ன மூவரில் இந்த ஒருவர்தான் பதிலைத் தமிழ் எழுத்தில் எழுதினார். ‘வணக்கம் ஐயா’ என்று தொடங்கியிருந்தது. இந்தத் தீவில் வாழாதவர்களுக்கு அந்த இரண்டு சொற்களின் எடை புரியாது. எங்கள் வீடுகளில் பேச்சு கிரியோல், அலுவலகத்தில் பிரெஞ்சு, பத்திரத்தில் ஆங்கிலம். தமிழ் எங்களுக்குக் கோயிலிலும் வகுப்பறையிலும் கிடைப்பது. முன்பின் அறியாத ஒருவர் தொலைபேசியில் தடங்கலின்றித் தமிழ் பேசினால், நெஞ்சு முதலில் திறக்கும், பணப்பை அதன் பின்னால் தானே திறக்கும். ‘நானும் காவடி எடுக்கிற வீட்டுப் பிள்ளைதான் ஐயா, கோர் தெ கார்ட் மலையடிவாரத்து முருகன் கோயிலில் ஐந்து வருடம் எடுத்திருக்கிறேன். பிள்ளைகள் தமிழில் பாடுகிறார்கள் என்றால் நான் லாபம் பார்ப்பேனா?’ என்றார். முருகன் பெயரைச் சொன்னவரிடம் அடையாள அட்டையைக் கேட்பது எனக்கு அநாகரிகமாகப்பட்டது. நான் அநாகரிகமாகவே நடந்துகொண்டிருக்கலாம்.

சந்தைத் தளத்தின் வழியாகச் செலுத்தினால் தரகும் சேர்த்து 61,000 ரூபாய். நேரடியாக அனுப்பினால் 55,000, அதில் 70 விழுக்காடு முன்பணம் என்றார். தளத்தில் செலுத்தினால், வேலை முடிந்து நாம் ஒப்புதல் தரும்வரை பணம் தளத்திடமே நிற்கும். அதைத் தெரிந்தும், 6,000 ரூபாய் மிச்சமாகிறதே என்று மே 2 அன்று கைபேசியிலிருந்து அவருடைய சொந்தக் கணக்குக்கு 38,500 ரூபாயை அனுப்பினேன். அனுப்புவதற்கு எடுத்த நேரம் பத்து நொடி. சேர்ப்பதற்கு எடுத்த நேரம் நான்கு மாதம். கோயில் விழாக்களில் காத்தோ பிமாங் என்ற மிளகாய் வடை பொரித்து விற்றும் கைச்செலவைச் சேமித்தும் பிள்ளைகள் திரட்டியது 24,000. நான் போட்டது 9,500. மீதி 5,000 ஒரு மாணவனின் பாட்டி கொடுத்தது. இரண்டு இரண்டாயிரம் தாள்களையும் ஓர் ஆயிரம் தாளையும் நீட்டியவர், தாளில் ஆங்கிலத்துக்கு அடுத்த வரியில் இருக்கும் தமிழை விரலால் தொட்டுக் காட்டி, ‘இதுக்காக நாங்க சண்டை போட்டோம்’ என்றார். 1998-இல் வெளிவந்த புதிய தாள்களில் அந்தத் தமிழ் வரி கீழே தள்ளப்பட்டபோது எழுந்த எதிர்ப்பால், அந்தத் தாள்களே திரும்பப் பெறப்பட்ட கதை இங்கே எல்லோருக்கும் தெரியும். அந்தப் பாட்டியின் முகத்தில் நான் இன்னும் விழிக்கவில்லை.

மே 9 அன்று, படப்பிடிப்புக்கு முன்பே, அட்டைப்படம் வந்துவிட்டது. நிழற்படம் எடுக்காமலே அட்டைப்படம் எப்படி வரும் என்று கேட்டிருக்க வேண்டும். சுறுசுறுப்பான ஆள் என்று மகிழ்ந்துபோனோம். கைபேசியில் பார்த்தபோது கண்ணைப் பறித்தது: ஊதாப் பூக்கதிர்கள், பின்னால் ஒரு மலை. பெரிதாக்கிப் பார்த்தால் பூக்கள் கரும்பின் பூக்களே அல்ல, ஏதோ ஒரு புல். மலையும் எங்கள் தீவில் எங்கும் இல்லாதது. பெயரைப் பார்த்தவுடன் எனக்கு வியர்த்துவிட்டது. ‘கொ’ என்ற எழுத்தின் ஒற்றைக்கொம்பு முன்னால் நிற்காமல் ககரத்துக்குப் பின்னால் போய் விழுந்திருந்தது. அதன் அருகே புள்ளிகளால் ஆன ஒரு வட்டம். கால் தனியாக விலகி நின்றது. ணகரத்தின் தலைப்புள்ளி காற்றில் மிதந்தது. வடிவமைப்பு மென்பொருளில் இந்திய எழுத்துகளுக்கான அமைப்பைத் தேர்ந்தெடுக்காமல் தமிழை ஒட்டினால் இப்படித்தான் சிதறும் என்று பிள்ளைகளே சொன்னார்கள். தமிழ் படிக்கத் தெரிந்தவன் ஒரு முறை கண்ணால் பார்த்திருந்தால் இதை அனுப்பியிருக்க மாட்டான். தமிழில் பேசி எங்கள் பணத்தை வாங்கியவருக்கு, அந்தத் தமிழை ஒரு முறை படித்துப் பார்க்கக்கூட நேரமில்லை.

சுட்டிக்காட்டியபோது, ‘உங்கள் கைபேசியில்தான் அப்படித் தெரிகிறது’ என்றார். கணினியிலும் அப்படியே தெரிகிறது என்றதற்கு, ‘அதுதான் இப்போதைய ஸ்டைல், ஐயா’ என்றார். நாங்களே திருத்திக்கொள்கிறோம், அடுக்குகள் பிரிந்த மூலக் கோப்பைத் தாருங்கள் என்றபோது, அதற்கு மேலும் 6,000 என்றார். அந்த மாணவி படத்தைக் கொண்டே இணையத்தில் தேடியதில், விற்பனைக்கு வைக்கப்பட்டிருந்த ஒரு பொதுப் படத்தின் சிறிய மாதிரியை எடுத்து, 3000 பிக்சலுக்கு இழுத்து நீட்டியிருப்பது தெரியவந்தது. தெரிந்த பிறகும் நான் சண்டையிடவில்லை. படப்பிடிப்பு கெட்டுவிடக் கூடாதே என்று வாயை மூடிக்கொண்டேன். 38,500 ரூபாய் ஒருவர் கையில் இருக்கும்போது, கொடுத்தவன்தான் பணிந்து பேச வேண்டியிருக்கிறது.

மே 16 விடியற்காலை ஐந்தரை மணிக்கு, தெற்கே சூய்யாக் என்ற ஊர்ப் பக்கத்தில் தோட்டக்காரரிடம் அனுமதி பெற்றிருந்த ஒரு கரும்புத் தோட்டத்தின் ஓரத்தில், ஆறு பிள்ளைகளும் பாவாடை தாவணி, வேட்டி சகிதமாகக் குளிரில் நின்றார்கள். ஆறரை வாக்கில் சூரியன் எழுந்தது. பூக்கள் நாங்கள் நினைத்ததைவிட அழகாக ஒளிர்ந்தன. ஏழு மணிக்கு அழைத்தபோது ‘பா ட்ராகா, வழியில் இருக்கிறேன்’ என்றார். கிரியோலில் அதற்குக் கவலைப்படாதீர்கள் என்று பொருள். அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்கு இப்போது நடுங்குகிறது. ஒன்பதரைக்கு, வண்டி பழுது. பதினொன்றுக்கு அழைப்பே எடுக்கவில்லை. மூட்டிய நெருப்பு அணைந்து ரவானின் தோல் தளர்ந்துவிட்டது. மாணவர்களில் ஒருவன் தன் கைபேசியில் எடுத்த பதினாறு நொடிகள்தான் அந்தக் காலையில் மிஞ்சியவை.

அதன் பிறகு மூன்று வாரம் அலைக்கழிப்பு. மழை என்றார், அன்று தெற்கில் மழையே இல்லை. உதவியாளருக்குக் காய்ச்சல் என்றார். ட்ரோனுக்கு விமானப் போக்குவரத்துத் துறையின் அனுமதி வாங்க மேலும் 4,000 வேண்டும் என்றார்; எங்கள் நோட்டின் 62 கட்டங்களில் ட்ரோன் காட்சி ஒன்றுகூட இல்லை. கடைசியாக, பணத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று எழுதியதற்கு, ‘அட்டைப்படம் கொடுத்துவிட்டேனே, கணக்கு நேர்’ என்று ஒரு வரி வந்தது. பிறகு தடை.

இணையச் சந்தையின் சேவைப் பிரிவுக்கு நான்கு முறை எழுதினேன். நான்கு முறையும் ஒரே பதில், முற்றுப்புள்ளிகூட மாறாமல்: தளத்துக்கு வெளியே செலுத்திய பணத்துக்குத் தளம் பொறுப்பல்ல. சட்டப்படி சரிதான். ஆனால் அந்த ஆளின் கடையை மூடுங்கள் என்ற என் கேள்விக்கு அந்த நான்கில் எதிலும் பதில் இல்லை. வங்கியில், நீங்களே மனமொப்பி அனுப்பியது என்றார்கள். இணையக் குற்றங்களைப் பதிவு செய்வதற்கான மௌகோர்ஸ் தளத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். நாளை காவல் நிலையத்துக்கும் போகிறேன்.

விரிவாக அறிவுரை சொல்வதாகத் தொடக்கத்தில் எழுதினேன். விடியப்போகிறது, கை நடுங்குகிறது. தோன்றுவதை மட்டும் சொல்கிறேன். தளத்துக்கு வெளியே ஒரு ரூபாயும் அனுப்பாதீர்கள். முன்பணம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். அவர்கள் காட்டும் மாதிரிப் படங்களைக் கொண்டே இணையத்தில் தேடிப் பாருங்கள், இரண்டு நிமிட வேலை. பணம் கொடுக்கும் முன் உங்கள் தலைப்பைத் தமிழில் அமைத்து அனுப்பச் சொல்லுங்கள். ‘கொ’, ‘கௌ’ போன்ற எழுத்துகள் வரும் சொல்லாகப் பார்த்துக் கொடுங்கள். தமிழில் பேசுகிறார் என்பதற்காக எதையும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

இன்னும் ஒன்று. சற்று முன்பு அந்த மாணவி தன் கைபேசித் திரையின் படம் ஒன்றை அனுப்பினாள். அதே சந்தையில், வேறு பெயரில், நேற்று இரவு ஒரு புதிய கடை திறக்கப்பட்டிருக்கிறது. ‘எங்கள் அண்மைப் படைப்பு’ என்று முதல் படமாக வைத்திருப்பது எங்கள் அட்டைப்படம். கொம்பு இன்னும் ககரத்துக்குப் பின்னால்தான் கிடக்கிறது. ஊதாப் பூக்களுக்கு மேல் அப்படிச் சிதறிய ‘கொண்டல்’ என்ற பெயரை எந்தக் கடையில் கண்டாலும், அது அந்த ஆள்தான். உடனே வெளியேறுங்கள், முடிந்தால் எனக்கும் தெரிவியுங்கள்.