மைநேதா தளம்: ஓர் அபிடவிட் தட்டச்சரின் மதிப்பீடு

கும்பகோணத்தில் நோட்டரி வக்கீல் ஒருவரிடம் அபிடவிட், அதாவது சத்தியம் செய்து தரும் பிரமாணப் பத்திரம், தட்டச்சு செய்வது என் தொழில். பெயரில் ஓர் எழுத்து மாறிப்போனவர், மதிப்பெண் சான்றிதழைத் தொலைத்தவர், வாரிசுச் சான்றுக்கு அலைகிறவர், முதல் பட்டதாரிச் சான்று வாங்க வேண்டிய பிள்ளை என்று பலரும் வருவார்கள். எந்தப் பத்திரமானாலும் முடிவில் ஒரே உறுதிமொழிதான்: மேலே சொன்னவை நான் அறிந்தவரை உண்மை, எதையும் மறைக்கவில்லை. அதை வாசித்துக் காட்டும்போது முகம் வெளிறிப்போகும் பெரியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். "தப்பா எதுவும் சொல்லிடலியேம்மா?" என்று இன்னொரு தரம் கேட்டுவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவார்கள்.

தேர்தலில் நிற்பவர்கள் வேட்புமனுவோடு தரும் படிவம் 26-ம் ஓர் அபிடவிட்தான். அதன் கடைசியிலும் இதே உறுதிமொழி இருக்கிறது. சொத்து, கடன், வருமானம், வழக்கு, படிப்பு எல்லாவற்றையும் எழுதி, நோட்டரி முன்போ மாஜிஸ்திரேட் முன்போ சத்தியம் செய்து தருகிறார்கள். அந்தப் பத்திரங்களைத் திரட்டி, சாதாரண ஆள் படிக்கும்படி பட்டியல் போட்டுத் தருவதுதான் மைநேதா.இன்ஃபோ. கட்டணம் கிடையாது. அகமதாபாத் ஐஐஎம் பேராசிரியர்கள் சிலர் 1999-இல் தொடங்கிய ஏடிஆர் (ஜனநாயகச் சீர்திருத்தங்களுக்கான சங்கம்) அமைப்பு இதை நடத்துகிறது. ஐந்துக்கு நான்கரை நட்சத்திரம் தருகிறேன்.

மாநிலம், தேர்தல் ஆண்டு, தொகுதி என்று தேர்ந்தெடுத்துக்கொண்டே போனால் வேட்பாளர் பட்டியல் வரும். வழக்கு இருந்தால் எண்ணிக்கை சிவப்பில் தெரியும். பெயரைத் தொட்டால் முழு விவரம். எனக்கு மிகவும் பிடித்தது வழக்குப் பகுதி. பத்திரத்தில் பல சமயம் வெறும் சட்டப்பிரிவு எண்தான் இருக்கும். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 147 என்றால் கலவரம், 420 என்றால் மோசடி என்பது எங்களைப் போல் கோர்ட் பக்கம் இருப்பவர்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்கு எப்படித் தெரியும்? இந்தத் தளம் ஒவ்வொரு பிரிவுக்கும் பக்கத்திலேயே குற்றம் என்ன என்று எழுதிவிடுகிறது. எண்ணிக்கையை மட்டும் பார்த்து யாரையும் எடைபோடாதீர்கள் என்றும் சொல்வேன். தண்ணீர் கேட்டு மறியல் செய்தவர் மேல் பத்து வழக்கு இருக்கலாம். இன்னொருவர் மேல் ஒரே வழக்கு, அது கொலை முயற்சியாக இருக்கலாம். பிரிவைப் படிக்க வேண்டும்.

ஏற்கெனவே போட்டியிட்டவர் என்றால் முந்தைய தேர்தலில் காட்டிய சொத்தையும் இப்போது காட்டியதையும் ஒப்பிட்டுப் பார்க்க முடியும். தெருமுனைக் கூட்டத்தில் என்ன பேசினாலும், இந்தப் பக்கத்தில் இருப்பது அவர்கள் சத்தியம் செய்து கொடுத்த கணக்கு.

இதெல்லாம் தானாகக் கிடைத்துவிடவில்லை என்பதை இளையவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். வேட்பாளர்கள் இந்த விவரங்களைச் சொல்லியே ஆகவேண்டும் என்று 2002 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒன்றுக்கொன்று ஆகாத கட்சிகளெல்லாம் அன்றைக்கு ஒன்றுசேர்ந்து எதிர்த்தன. தீர்ப்பை நீர்த்துப்போகச் செய்ய ஓர் அவசரச் சட்டம் தயாரானது. குடியரசுத் தலைவராக இருந்த அப்துல் கலாம் அதை மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பினார். மத்திய அமைச்சரவை மாற்றாமல் மறுபடி அவரிடமே அனுப்பியதால் கையெழுத்திட வேண்டியதாயிற்று. அதன்பின் வந்த சட்டத்தில், நீதிமன்றம் என்ன சொன்னாலும் வேட்பாளர் கூடுதல் விவரம் தரத் தேவையில்லை என்று 33பி என ஒரு பிரிவையே சேர்த்தார்கள். 2003 மார்ச் 13-இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்த பிறகுதான் இன்றைக்கு நாம் பார்க்கும் விவரங்களுக்கு உறுதியான வழி பிறந்தது. முதியோர் உதவித்தொகை கேட்டு வரும் பாட்டியிடம் ஒவ்வொரு ரூபாய் வருமானத்துக்கும் கணக்குக் கேட்கும் அரசை நடத்துகிறவர்கள், தங்கள் கணக்கைக் காட்டாமலிருக்கச் சட்டமே போட்டார்கள். எனக்கு இது ஆறவே இல்லை.

பிறகும் அப்படித்தான். காங்கிரஸ், பாஜக உள்ளிட்ட ஆறு தேசியக் கட்சிகள் தகவல் உரிமைச் சட்டத்துக்கு உட்பட்டவை என்று 2013 ஜூனில் மத்திய தகவல் ஆணையம் உத்தரவிட்டது. அந்த உத்தரவுப்படி அவை நடந்துகொள்ளவில்லை.

இப்போது தளத்தின் குறைக்கு வருகிறேன். வேட்பாளர் எழுதிக்கொடுத்ததைத்தான் இது காட்டும், அது உண்மையா என்று சொல்லாது. தளமும் அதை ஒளிக்கவில்லை. அரை நட்சத்திரம் குறைத்தது வேறு காரணத்துக்காக: பத்திரம் தமிழில் இருந்தாலும் பட்டியல் ஆங்கிலத்தில் இருக்கிறது. எங்கள் கடைக்கு வருகிறவர்களில் பலருக்கு யாராவது கூட உட்கார்ந்து படித்துச் சொல்ல வேண்டும்.

சரிபார்க்காத குறை சட்டத்தின் குறை. கட்டம் எதையும் காலியாக விடக்கூடாது, விட்டால் நினைவூட்டிய பிறகும் நிரப்பாதவரின் மனுவைத் தள்ளலாம் என்று 2013-இல் தீர்ப்பு வந்தது. ஆனால் பொய்யை எழுதிக் கட்டத்தை நிரப்பியிருந்தால், தேர்தல் அதிகாரி அதை விசாரித்து மனுவைத் தள்ள வழியில்லை. தண்டனையையும் பாருங்கள். வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்க நீங்களோ நானோ பொய் சொன்னால் 1950-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 31-ஆம் பிரிவில் ஓராண்டு வரை சிறை. நம் வாக்கைக் கேட்டு வருகிறவர் அபிடவிட்டில் பொய் சொன்னால் 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 125ஏ பிரிவில் ஆறு மாதம் வரைதான். இரண்டிலும் அபராதத்தோடும் விட்டுவிடலாம். 125ஏ பிரிவின் சிறையைக் குறைந்தது இரண்டு ஆண்டாக உயர்த்தி, பதவித் தகுதியையும் பறிக்க வேண்டும் என்று 2014-இல் சட்ட ஆணையம் தன் 244-ஆவது அறிக்கையில் பரிந்துரைத்தது. இன்னும் நடக்கவில்லை. 2023-இல் தேனி, கர்நாடகத்தின் ஹாசன் ஆகிய இரண்டு மக்களவைத் தொகுதிகளின் வெற்றியை, சொத்து விவர மறைப்பின் பேரில் உயர் நீதிமன்றங்கள் ரத்து செய்தன. இரண்டுக்கும் உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை கொடுத்தது. பதவிக்காலமும் முடிந்தது.

தமிழ்நாட்டில் காவலர் வேலைக்குப் போகும் பையன் மேல் ஒரு வழக்கு இருந்து, சந்தேகத்தின் பலனைக் கொடுத்து நீதிமன்றம் அவனை விடுதலை செய்திருந்தாலும் விதிப்படி அவன் தகுதியில்லாதவன். ஆனால் 2024 மக்களவையில் வென்ற 543 பேரில் 251 பேர் தங்கள் மேல் வழக்கு இருப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். 2009-இல் இது 162. இந்தக் கணக்கைப் போட்டுக் கொடுத்ததும் ஏடிஆர்தான்.

முதல் தடவை நிற்பவர் என்றால் ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய பத்திரம் இருக்காது. அப்போது வருமான வரிக் கணக்குப் பகுதிக்குப் போங்கள். ஐந்து ஆண்டு வருமானம் அவருக்கும் மனைவி அல்லது கணவருக்கும் தனித்தனியாக இருக்கும். அதை எழுதி வைத்துக்கொண்டு, அசையாச் சொத்துப் பட்டியலில் நிலம் வாங்கிய தேதியையும் விலையையும் பாருங்கள். வருமானமே இல்லாதவர் பெயரில் அதே ஆண்டுகளில் மனை வாங்கப்பட்டிருந்தால், வாக்குக் கேட்டு வீட்டுக்கு வரும்போது பணம் எங்கிருந்து வந்தது என்று நேரிலேயே கேளுங்கள்.