கிண்டிலில் நாவல் வெளியிட்டு ஒரு வருடம்: கேடிபி பற்றி என் அனுபவம்

போன வருடம் மே விடுமுறையில் என் முதல் நாவலை, எழுத்தாளரே நேரடியாக மின்னூல் வெளியிட உதவும் அமேசானின் கிண்டில் டைரக்ட் பப்ளிஷிங் வழியாக வெளியிட்டேன். சுருக்கமாக கேடிபி என்பார்கள். நான் சாத்தூர் பக்கம் அரசுப் பள்ளியில் தமிழாசிரியை. நாவல், தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்த்த மூன்று அக்கா தங்கைகளின் கதை. எங்கள் ஊரில் தீப்பெட்டித் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். எழுதி முடிக்க ஆறு வருடம் ஆனது. இரண்டு பதிப்பகங்களுக்கு அனுப்பி, ஒன்றரை வருடம் காத்திருந்து, பதில் வராத பிறகுதான் இந்த வழிக்கு வந்தேன். இதே யோசனையில் இருக்கும் பலர் கேட்பதால் எழுதுகிறேன்.

புத்தகத்தை ஏற்றும் வேலையில் கேடிபியைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. கணக்குத் தொடங்கக் காசு கேட்பதில்லை. வங்கிக் கணக்கு, பான் எண் கொடுத்து, வரி சம்பந்தமான கேள்விகளுக்குப் பதில் சொன்னால் போதும். வேர்ட் கோப்பு, அட்டைப்படம், புத்தக அறிமுகம், ஏழு தேடுசொற்கள், விலை. அவ்வளவுதான். சரிபார்த்து வெளியிட 72 மணி நேரம் வரை ஆகலாம் என்று போட்டிருந்தது. எனக்கு மறுநாள் மாலையே வந்துவிட்டது. பள்ளி வராந்தாவில் நின்று என் பெயரை அந்தப் பக்கத்தில் பார்த்தபோது கண் கலங்கியது உண்மை.

ஒரு எச்சரிக்கை. பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்து வைத்திருப்பவர்கள் யூனிகோடுக்கு மாற்றியதும் வரிவரியாகப் படித்துப் பாருங்கள். எனக்கு 'கொ', 'கோ' வரும் இடங்களில் எல்லாம் கொம்பும் காலும் பிரிந்து கிடந்தன. நான்கு இரவுகள் அதற்கே போயின. ஏற்றுவதற்கு முன் செல்போனில் எப்படித் தெரியும் என்று பார்க்க வசதி இருக்கிறது, அதையும் விட்டுவிடாதீர்கள். தமிழில் கிண்டில் படிப்பவர்களில் எனக்குத் தெரிந்த முக்கால்வாசிப் பேர் செல்போனில்தான் படிக்கிறார்கள். தலைப்பை ஆங்கில எழுத்திலும் சேர்த்து எழுதுங்கள், ஏனென்றால் தேடுகிறவர்கள் அப்படித்தான் தேடுகிறார்கள்.

பணம். உரிமத்தொகை, அதாவது விலையில் நமக்கு வரும் பங்கு, 35 சதவீதம், 70 சதவீதம் என்று இரண்டு வகை. இந்தியாவில் 70 வேண்டுமென்றால் விலையை 99 ரூபாய்க்குக் குறையாமல் வைக்க வேண்டும், கேடிபி செலக்ட் திட்டத்திலும் சேர வேண்டும். சேர்ந்தால் 90 நாட்களுக்கு மின்வடிவில் வேறு எங்கும் அந்த நாவலைப் போடக் கூடாது. அச்சுப் புத்தகத்துக்கு அந்தத் தடை இல்லை. செலக்டில் சேர்ந்த புத்தகங்களைச் சந்தா கட்டிப் படிக்கும் திட்டம்தான் கிண்டில் அன்லிமிடெட். அதன் சந்தாதாரர்கள் நாவலைப் படித்தால், எத்தனை பக்கம் படித்தார்களோ அதற்கேற்பப் பணம் வரும். எனக்குப் பக்கத்துக்குப் பத்துப் பைசா அளவில் வந்தது. 310 பக்கத்தையும் ஒருவர் படித்து முடித்தால் முப்பது ரூபாய் சொச்சம். அதைவிடப் பெரிய விஷயம், படித்த பக்கங்களின் கணக்கைத் தினமும் பார்க்க முடிவது. முகம் தெரியாத யாரோ நேற்று 140 பக்கம் படித்திருக்கிறார்கள் என்று தெரிந்தால், அன்றைக்குப் பாடம் நடத்துகிற உற்சாகமே வேறு.

சரி, இனி வாசகர்களைத் தேடிய கதை.

வெளியான முதல் மாதத்தில் விற்றது 11 பிரதி. அதில் ஏழு என் சொந்தபந்தமும் சக ஆசிரியர்களும். புத்தகத்தை ஏற்றிவிட்டால் யார் கண்ணிலாவது படும் என்று நினைத்திருந்தேன். படவில்லை. செலக்ட் திட்டத்தின் 90 நாட்களில் ஐந்து நாட்கள் இலவசமாகக் கொடுக்கலாம் என்பதால் ஐந்தையும் ஒரேயடியாகப் பயன்படுத்தினேன். 640 பேர் தரவிறக்கினார்கள். இரண்டு பேர் மதிப்புரை எழுதினார்கள். இலவசமாக எடுத்தவர்கள் படிக்க வேண்டுமென்று எடுக்கவில்லை, சும்மா கிடைக்கிறதே என்று எடுத்தார்கள். இப்போது என்றால் ஐந்து நாளையும் சேர்த்துக் கொடுக்க மாட்டேன். ஒரு நாள் கொடுத்து, அதற்கு முன்பே நான்கைந்து வாசிப்புக் குழுக்களில் சொல்லிவைத்து, அடுத்த நாளை ஒரு மாதம் கழித்து வைத்துக்கொள்வேன்.

அண்ணி முதல் ஆளாக ஐந்து நட்சத்திரம் போட வந்தார். விதியைப் படித்துவிட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். குடும்பத்தாரும் நெருங்கிய நண்பர்களும் மதிப்புரை எழுதுவதை அமேசான் அனுமதிப்பதில்லை. காசு கொடுத்து எழுத வைப்பதும், நீ எனக்கு எழுது நான் உனக்கு எழுதுகிறேன் என்பதும் கூடாது. இலவசப் பிரதி கொடுக்கலாம், ஆனால் பதிலுக்கு மதிப்புரை எழுதியே ஆக வேண்டும் என்று கேட்கக் கூடாது. முதலில் எனக்கு இது கெடுபிடியாகத் தெரிந்தது. இப்போது இந்த விதிகள்தான் நம்மைப் போன்றவர்களுக்குப் பாதுகாப்பு என்று நம்புகிறேன். அண்ணியின் ஐந்து நட்சத்திரத்தைப் பார்த்து ஒருவர் 99 ரூபாய் கொடுத்து வாங்கி ஏமாந்தால், என் அடுத்த நாவலை அவர் தொடவே மாட்டார்.

இந்த இடத்தில்தான் ஒரு விளம்பரச் சேவையிடம் மாட்டினேன். பெயர் வேண்டாம். 3,500 ரூபாய்க்குப் பத்து முகநூல் குழுக்களில் பதிவு, மூன்று போஸ்டர், ஒரு காணொளி. பதிவுகள் வந்தன. எல்லாவற்றிலும் ஒரே வாசகம். கதை மதுரையில் நடப்பதாக வேறு எழுதியிருந்தார்கள், புத்தகத்தைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. அந்த வாரம் விற்றது நான்கு பிரதி. அடுத்த வாரம் போன் செய்து, இன்னும் 2,000 கொடுத்தால் இருபத்தைந்து ஐந்து நட்சத்திர மதிப்புரைகள் போட்டுத் தருகிறோம் என்றார்கள். மறுத்துவிட்டேன். புதிதாக எழுத வருகிற பிள்ளைகள் இதில் பணத்தை இழக்க வேண்டாம் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். அந்த 3,500 ரூபாயில் அச்சுப் பிரதி இருபது போட்டு நூலகங்களுக்கும் வாசகர் வட்டங்களுக்கும் கொடுத்திருக்கலாம்.

உண்மையில் உதவியது வேறு. நாவலின் கடைசிப் பக்கத்தை மாற்றினேன். முன்பு அங்கே நன்றியுரை நீளமாக இருந்தது. அதை முன்னால் தள்ளிவிட்டு, கதை முடிந்த கையோடு நாலு வரி எழுதினேன்: "இவ்வளவு தூரம் படித்ததற்கு நன்றி. பிடித்ததோ பிடிக்கவில்லையோ, புத்தகப் பக்கத்தில் இரண்டு வரி எழுதுங்கள். தமிழிலேயே எழுதலாம்." அந்தக் கடைசி வாக்கியம் முக்கியம். மதிப்புரை என்றால் ஆங்கிலத்தில் எழுத வேண்டும், பெரிய விமர்சகர் மாதிரி எழுத வேண்டும் என்று பலர் தயங்குகிறார்கள். மாற்றிய மூன்று மாதத்தில் ஆறு மதிப்புரைகள் வந்தன. வாட்ஸ்அப்பில் "அருமை மேடம், அழுதுட்டேன்" என்று அனுப்புகிறவர்களிடமும், அதையே அந்தப் பக்கத்தில் எழுத முடியுமா என்று கூச்சப்படாமல் கேட்கப் பழகிக்கொண்டேன். பாதிப் பேர் செய்கிறார்கள்.

நம் ஆட்கள் படிப்பதில்லை என்று இனி நான் சொல்ல மாட்டேன். படிக்கிறார்கள், மனம் விட்டுப் பேசவும் செய்கிறார்கள். ஆனால் அந்தப் பேச்சு வாட்ஸ்அப்பிலும் டீக்கடையிலும் முடிந்துவிடுகிறது.

கோவில்பட்டியிலிருந்து ஓர் அம்மா, வயது அறுபதுக்கு மேல் இருக்கும், ஏழு நிமிடக் குரல்பதிவு ஒன்று அனுப்பியிருந்தார். மகன் போனில் நாவலைப் படித்திருக்கிறார். "டீச்சர், நடு அக்காவுக்கு நீங்க நாள் கூலின்னு எழுதியிருக்கீங்க. குச்சி அடுக்குறவளுக்கு ஏதும்மா நாள் கூலி? எத்தனை கட்டை அடுக்கினாளோ அத்தனைக்குத்தான் காசு. அதனாலதான் அவ ஒண்ணுக்குப் போகக்கூட எந்திரிக்க மாட்டா." கட்டை என்பது தீக்குச்சிகளை வரிசையாக அடுக்கும் மரச்சட்டம். என் அம்மா வீட்டில் உட்கார்ந்து பெட்டி ஒட்டியவர். ஆபீசுக்குள் நடந்ததை நான் கேள்விப்பட்டுத்தான் எழுதினேன். ஆறு வருடத்தில் என் கையெழுத்துப் பிரதியைப் படித்த எட்டுப் பேருக்கும் அந்தத் தவறு தெரியவில்லை.

அவர் சொன்னதை அப்படியே மதிப்புரையாக எழுதச் சொல்லிக் கேட்டேன். அவருக்கு அமேசான் கணக்கு கிடையாது. நானே அவர் பெயரில் போடுவது சரியல்ல. கணக்கு வைத்து, அதில் காசு கொடுத்துப் பொருள் வாங்கியவர்கள்தான் மதிப்புரை எழுத முடியும் என்ற ஏற்பாடு போலிகளைத் தடுக்கிறது. ஆனால் என் நாவலின் உண்மையான வாசகிகளில் பலருக்கு அந்தக் கதவு திறப்பதே இல்லை. கேடிபியில் எனக்குள்ள ஒரே பெரிய வருத்தம் இதுதான்.

அதே சமயம், திருத்திய கோப்பை எத்தனை முறை வேண்டுமானாலும் செலவில்லாமல் ஏற்றலாம் என்ற வசதி அன்றைக்குத்தான் எனக்கு அருமையாகத் தெரிந்தது. அந்த அத்தியாயத்தை இரண்டு வாரம் உட்கார்ந்து மாற்றி எழுதினேன். நடு அக்கா இப்போது எழுந்திரிக்காமல் கட்டை அடுக்குகிறாள், பேச்சும் அதற்கேற்ப மாறிவிட்டது. முன்பே வாங்கியவர்கள் கிண்டிலில் தானாகப் புதுப்பிக்கும் அமைப்பை வைத்திருந்தால்தான் திருத்தம் அவர்களுக்குப் போகும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இன்றைய நிலவரம்: விற்றது 212 பிரதிகள், 23 நட்சத்திர மதிப்பீடுகள், எழுத்தில் 13 மதிப்புரைகள். வெளியிடும் வசதிக்கு ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். வாசகரிடம் கொண்டு சேர்ப்பதில் இரண்டு, அதுவும் அன்லிமிடெட் சந்தாதாரர்கள் தாமாக வந்து படிப்பதால். முழுக்க நம் உழைப்புதான் என்று தெரிந்துகொண்டு இறங்குகிறவர்களுக்குத் தயங்காமல் சொல்வேன், போடுங்கள்.

போன மாதம் அந்தக் கோவில்பட்டி அம்மாவின் மகன் தன் கணக்கிலிருந்து மூன்று நட்சத்திரம் கொடுத்து ஒரு மதிப்புரை எழுதியிருக்கிறார். "கூலி விஷயத்தைச் சரிசெய்துவிட்டார்கள். ஆனால் சின்னத் தங்கச்சி கல்யாணம் அவ்வளவு சீக்கிரம் நடந்திருக்காது என்று அம்மா சொல்கிறார்." அந்த அத்தியாயத்தைத் திரும்ப எடுத்து வைத்திருக்கிறேன்.