அஞ்சு ரோடு பக்கம் வரலாறு வகுப்பு, தாராளமாகச் சேரலாம்

யூபிஎஸ்சிக்கு வரலாறை விருப்பப் பாடமாக எடுத்தவர்கள் சேலத்திலேயே படிக்க முடியுமா என்று கேட்டால், அஞ்சு ரோடு பக்கம் மாடியில் நடக்கும் இந்த ஞாயிறு வகுப்பைத்தான் சொல்வேன். நெப்போலியன் வீழ்ந்தபின் ஐரோப்பாவை ஒழுங்குபடுத்தக் கூடிய வியன்னா மாநாடு என்றால் ஆஸ்திரிய அமைச்சர் மெட்டர்னிக், 1815 என்று மனப்பாடம் பண்ண வைக்காமல், அரியணைக்குத் திரும்பி வந்த ராஜாக்களால் எதைத் திரும்ப வாங்க முடியவில்லை என்று சார் கேட்கிறார் பாருங்கள், அங்கேதான் பாடம் ஆரம்பிக்கிறது. பிரான்சில் பதினெட்டாம் லூயி அரியணை ஏறினாலும், பிரெஞ்சுப் புரட்சியில் விற்ற தேவாலய நிலங்கள் வாங்கியவர்களுக்கே சொந்தம் என்று 1814 சாசனத்தில், அதாவது அவர் தந்த அரசியலமைப்பில், ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. நெப்போலியனின் சிவில் சட்டமும் அப்படியே நின்றது. அதே வருடம் ஸ்பெயினில் மன்னர் ஏழாம் ஃபெர்டினாண்ட், ராஜாவின் அதிகாரத்தைக் கட்டுப்படுத்திய 1812 அரசியலமைப்பையே தூக்கி எறிந்தார், 1820இல் படையிலேயே கலகம் வெடித்தது. இரண்டையும் போர்டில் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, கீழே ‘பத்தாம் சார்லஸ், 1830’ என்று வட்டம் போட்டார். லூயிக்குப் பின் பிரான்சை ஆண்ட இந்த சார்லஸ் பத்திரிகைச் சுதந்திரத்தில் கைவைத்தார், பாரிஸில் மூன்று நாள் தெருச் சண்டை, ஆட்சியே போச்சு. அருமையான வகுப்பு!

நோட்ஸ் சுமார்தான், வரைபடங்கள் மங்கல். இத்தாலி பாடத்தை இன்னும் நிதானமாக நடத்தலாம். விடைத்தாள் திருத்துவது மட்டும் வரிக்கு வரி. அப்புறம், ஏற்காட்டிலிருந்து வருகிறவர்கள் கடைசி பஸ் நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள், வகுப்பு நீளும்.