டெஸ்க்டாப் வீடியோ மேக்னிஃபையர்: யூனிவர்சிட்டில கேட்டு வாங்கி நாலு மாசம் யூஸ் பண்ண அனுபவம்

எனக்கு ஸ்டார்கார்ட்னு கண்ல ஒரு பிரச்சனை, 13 வயசுல கண்டுபிடிச்சாங்க. விழித்திரை நடுவுல இருக்கிற மேக்குலா பாதிக்கப்படும், அதனால எதை நேரா பாக்குறோமோ அது தான் மங்கும், ஓரப்பார்வை நல்லாவே இருக்கும். கண்ணாடி போட்டா சரியாகிற விஷயம் இல்ல. நடக்கிறது பஸ் ஏறுறது எல்லாம் சமாளிச்சுடுவேன், படிக்கிறதுக்கு மட்டும் எழுத்து நல்லா பெருசா வேணும். சென்னைல எம்ஏ ஹிஸ்டரி ரெண்டாவது வருஷம் படிக்கிறேன். எங்க யூனிவர்சிட்டி பேரு இங்க வேணாம், ஏன்னா நான் சொல்லப்போற குறை எங்க ஒரு இடத்துல மட்டும் நடக்கிறது இல்ல.

சேர்ந்த மொத வாரமே மாற்றுத்திறனாளி மாணவர் செல்லுல (எங்களுக்குன்னு இருக்கிற தனிப் பிரிவு) யூடிஐடி கார்டு, அதாவது மாற்றுத்திறனாளி அடையாள அட்டை ஜெராக்ஸ், டாக்டர் ரிப்போர்ட் எல்லாம் குடுத்து படிக்க வீடியோ மேக்னிஃபையர், அதாவது கேமரால புடிச்சு எழுத்த ஸ்க்ரீன்ல பெருசா காட்டுற மெஷின் வேணும்னு எழுதிக் குடுத்தேன். ஏழு மாசம் ஆச்சு. மொத செமஸ்டர் எக்ஸாம் முடிஞ்சு ரெண்டாவது செமஸ்டரும் பாதி ஓடின அப்புறம் கூப்ட்டு ஒரு டப்பா குடுத்தாங்க, கைல புடிச்சு புக்கு மேல நகத்துற மாடல், 5 இன்ச் ஸ்க்ரீன். மூணு கொட்டேஷன் வாங்கி குறைஞ்ச விலைக்கு எடுத்திருக்காங்க. என்ன படிக்கிற, எந்த மொழில படிக்கிற, ஒரு நாளைக்கு எத்தன பக்கம்னு யாரும் என்கிட்ட ஒரு வார்த்த கேக்கல.

அந்த மெஷின் மேல தப்பு சொல்ல மாட்டேன். மருந்து அட்டைல எக்ஸ்பைரி டேட் பாக்க, கடைல விலை பாக்க அருமையா இருக்கு, இன்னைக்கும் பைல வச்சிருக்கேன். ஆனா தமிழ் புக்கு படிக்க முடியல. ஏன்னு சொல்றேன், இத எந்த கம்பெனி விளம்பரத்துலயும் போட மாட்டாங்க. எனக்கு தேவையான சைஸுக்கு பெருசாக்கினா அந்த ஸ்க்ரீன்ல நாலஞ்சு எழுத்து தான் நிக்கும். இங்கிலீஷ்ல நாலஞ்சு எழுத்துல ஒரு வார்த்த முடிஞ்சுடும். தமிழ்ல "எடுத்துக்கொண்டிருந்தார்கள்"னு ஒரே வார்த்தைல 14 எழுத்து இருக்கு, அத மூணு தடவ நகத்தி நகத்தி படிச்சு முடிக்கிறதுக்குள்ள அந்த வாக்கியம் எப்படி ஆரம்பிச்சுதுன்னே மறந்துடும். அதுலயும் கை லேசா ஆடினா அடுத்த வரிக்கு தாவிடும். ஒரு பக்கத்துக்கு இருபது நிமிஷம் ஆச்சு, அப்புறம் கழுத்து வலி தனி.

கேட்டதுக்கு "குடுத்தாச்சே மா, ஃபைல் க்ளோஸ் ஆயிடுச்சு"ன்னு சொல்லிட்டாங்க. அன்னைக்கு வீட்டுக்கு வந்து அழுதேன். அப்பா தான் உக்காந்து 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்த எடுத்து எனக்கு சத்தமா படிச்சு காட்டினாரு. அதுல 17வது பிரிவுல உதவி சாதனம் இலவசமா குடுக்கணும்னு இருக்கிறது 18 வயசு வரைக்கும் தான், என் வயசுக்கு அது ஆகாது. ஆனா 16வது பிரிவு கல்வி நிறுவனங்களுக்கு பொதுவானது, நிதி உதவியோ அங்கீகாரமோ வாங்குற நிறுவனம் அந்தந்த ஆளோட தேவைக்கு ஏத்த மாதிரி நியாயமான வசதி செஞ்சு குடுக்கணும்னு இருக்கு. அந்தந்த ஆளோட தேவைக்கு ஏத்த மாதிரி, இந்த வார்த்தைய தான் நான் லெட்டர்ல கெட்டியா புடிச்சேன். கூடவே எந்த புக்கு, ஒரு பக்கத்துக்கு எத்தன நிமிஷம், எத்தன எழுத்து தெரியுதுன்னு ஒரு வாரம் எழுதி வச்ச கணக்கையும் இணைச்சு குடுத்தேன். அந்த கணக்கு தான் வேலை செஞ்சுதுன்னு நெனைக்கிறேன். செல்லுக்கு புதுசா வந்திருந்த கோஆர்டினேட்டர் மேடம் அத முழுசா படிச்சுட்டு "வாங்குறதுக்கு முன்னாடி நீயே போய் ட்ரை பண்ணிட்டு வா மா"ன்னு சொன்னாங்க. அந்த ஒரு வார்த்தைய மொத வருஷமே யாராவது சொல்லிருந்தா என் ஒரு வருஷம் மிச்சமாயிருக்கும்.

மெரினா பக்கம் காமராஜர் சாலைல லேடி வெலிங்டன் கேம்பஸ்ல மியூசியம் ஆஃப் பாசிபிலிட்டிஸ்னு ஒரு இடம் இருக்கு, விவேகானந்தர் இல்லத்த ஒட்டியே. வித்யாசாகர்ங்கிற தொண்டு நிறுவனமும் மாநில மாற்றுத்திறனாளிகள் நலத்துறையும் சேர்ந்து 2022ல ஆரம்பிச்சது. பேரு மியூசியம்னாலும் கண்ணாடி பெட்டிக்குள்ள வச்சு தொடாதேன்னு சொல்ற இடம் இல்ல, எல்லாத்தையும் எடுத்து யூஸ் பண்ணி பாக்கலாம். நானும் அப்பாவும் போனோம், காசு எதுவும் கேக்கல. அங்க இருந்த அக்கா என்னென்னமோ சாதனத்த எல்லாம் பொறுமையா எடுத்துக் காட்டினாங்க, அவசரமே படுத்தல. நான் என் ரீடிங் லிஸ்ட்ல இருந்து ஒரு மங்கின ஜெராக்ஸ் எடுத்துட்டு போயிருந்தேன். நீங்க போனாலும் அப்படி தான் எடுத்துட்டு போகணும், பளபளன்னு இருக்கிற புது புக்க வச்சு பாத்தா எல்லா மெஷினும் நல்லா தான் தெரியும். கைல புடிச்சு நகத்துற எதுவும் எனக்கு ஆகாது, ஸ்க்ரீன் ஒரு இடத்துல நிக்கணும் புக்கு தான் நகரணும்னு அங்க தான் எனக்கே தெளிவா புரிஞ்சுது. அப்புறம் மேடம் ரெண்டு டீலர கூப்ட்டு டெமோ போட சொன்னாங்க, டெமோவுக்கும் அதே ஜெராக்ஸ் தான்.

இப்ப லைப்ரரில இருக்கிறது டெஸ்க்டாப் மாடல். 24 இன்ச் ஸ்க்ரீன், மேல கேமரா, கீழ எக்ஸ்-ஒய் டேபிள்னு ஒரு தட்டு. புக்க தட்டுல வச்சு லேசா தள்ளினா இடம் வலமா, முன்ன பின்ன ஸ்மூத்தா ஓடும், வரி மாறாம இருக்க தட்டுலயே ஒரு லாக் இருக்கு. அதே 14 எழுத்து வார்த்த ஒரே பார்வைல முழுசா நிக்குது.

மொத நாள் பாத்தத சொல்லியே ஆகணும். பழைய தமிழ் புக்கு ஜெராக்ஸ்ல பெரிய தொல்லை புள்ளி தான். ரெண்டு தடவ காப்பி எடுத்தா மெய்யெழுத்து மேல இருக்கிற புள்ளி காணாம போயிடும், "கொற்றவன்" "கொறறவன"ன்னு ஆயிடும், எது ர எது கால்னு தெரியாது, ண ன வேற குழப்பும். நல்ல கண்ணு இருக்கிறவங்க பழக்கத்துல ஊகிச்சு போயிடுவாங்க, எனக்கு ஒவ்வொரு எழுத்தும் ஒரு விடுகதை மாதிரி. (கல்வெட்டுலயும் ஓலைச்சுவடிலயும் பெரும்பாலும் புள்ளி வைக்கவே மாட்டாங்க, அத படிச்சவங்க மேல இப்ப எனக்கு தனி மரியாதையே வந்துடுச்சு.) இதுல கலர் மாத்துற பட்டன் இருக்கு, கருப்புல வெள்ளை, கருப்புல மஞ்சள்னு. கருப்புல மஞ்சள் போட்டு கான்ட்ராஸ்ட்ட ஏத்தினேன், காயிதத்துல லேசா சாம்பலா கிடந்த புள்ளி எல்லாம் ஒவ்வொன்னா ஸ்க்ரீன்ல பளிச்சுன்னு எழுந்து வந்துச்சு. லைப்ரரி அண்ணாவ கூப்ட்டு காட்டினேன், அவரும் குனிஞ்சு பாத்துட்டு "எனக்கே காயிதத்துல இது தெரில மா"ன்னாரு. இப்ப ஒரு பக்கத்துக்கு அஞ்சு ஆறு நிமிஷம் தான்.

குறை இல்லாம இல்ல. ரொம்ப வெயிட்டு, வீட்டுக்கு எடுத்துட்டு போக முடியாது, கோர்ஸ் முடிஞ்சா திருப்பி குடுத்துடணும். கரண்ட் போனா அவ்ளோ தான், யூபிஎஸ் கேட்டு இன்னொரு லெட்டர் போட்டிருக்கேன். ரூம 5 மணிக்கு பூட்டிடுவாங்க. ஒரு மணி நேரத்துக்கு மேல தொடர்ந்து பாத்தா கண்ணு கூசும், அதனால நீளமா இருக்கிறத எல்லாம் காதால தான் படிக்கிறேன்.

அதுக்கு என்விடிஏ. கம்ப்யூட்டர் ஸ்க்ரீன்ல இருக்கிறத வாசிச்சு காட்டுற சாஃப்ட்வேர், முழுசா இலவசம், இத வாங்கித் தரச் சொல்லி எந்த ஆஃபீஸ் வாசல்லயும் நிக்க வேணாம். தமிழுக்கு விண்டோஸ்லயே வள்ளுவர்னு ஒரு குரல் இருக்கு, அத போட்டா ஓரளவு இயல்பா கேக்கும். சுகம்ய புஸ்தகாலயான்னு அச்சுப் புத்தகம் படிக்க முடியாதவங்களுக்கான ஆன்லைன் நூலகம் 2016ல இருந்து இருக்கு, அதுலயும் உறுப்பினர் ஆகிக்கோங்க.

ஆனா சாஃப்ட்வேர் சரியா இருந்தாலும் ஃபைல் சரியா இருக்கணுமே. எங்க சார் ஒருத்தரு அனுப்புற நோட்ஸ் எல்லாம் பாமினி ஃபான்ட்ல டைப் பண்ணது. பாக்க தமிழா இருக்கும், உள்ள இருக்கிறது எல்லாம் இங்கிலீஷ் எழுத்து. "அம்மா"ன்னு இருக்கிற இடத்துல என்விடிஏ போய் "எம் கே செமிகோலன் கே ஹெச்"னு வாசிக்கும். முப்பது பக்கம் இப்படியே. என்ஹெச்எம் கன்வெர்ட்டர்னு ஒரு இலவச டூல்ல போட்டு யூனிகோடுக்கு, அதாவது எல்லா கம்ப்யூட்டரும் தமிழ தமிழாவே புரிஞ்சுக்கிற எழுத்து முறைக்கு மாத்தினா அழகா படிக்குது. சார் கிட்ட ஹெட்ஃபோன குடுத்து கேக்க வச்சேன், அரை நிமிஷம் கேட்டவரு முகமே மாறிடுச்சு, "இத்தன நாளா இப்படியா மா கேட்டுட்டு இருந்த"ன்னாரு. அடுத்த வாரத்துல இருந்து யூனிகோட்ல தான் அனுப்புறாரு, பழைய நோட்ஸையும் அவரே மாத்தி குடுத்தாரு.

மெஷினுக்கு அஞ்சுக்கு நாலரை தருவேன். வாங்கிக் குடுத்த விதத்துக்கு மொத தடவைக்கு ஒன்னு, மேடம் வந்த அப்புறம் அஞ்சு. செல்லுல கேக்க போறவங்க "மேக்னிஃபையர் வேணும்"னு மட்டும் எழுதாதீங்க. எந்த மொழி, எந்த மாதிரி புக்கு, ஒரு பக்கத்துக்கு எவ்ளோ நேரம்னு எழுதுங்க, டெமோ பாத்துட்டு தான் கையெழுத்து போடுவேன்னு சொல்லுங்க, எல்லாத்துக்கும் சீல் போட்ட காப்பி வாங்கிக்கோங்க.

இந்த வருஷம் லோ விஷன்ல ஒரு தங்கச்சி பிஏ சேர்ந்திருக்கா. செவ்வாய் வியாழன் காலைல மெஷின் அவளுக்கு, மத்த நேரம் எனக்கு. ஃபோகஸ் லாக் பட்டன் எதுன்னு அவளுக்கு கண்டுபிடிக்க கஷ்டமா இருந்துச்சு, அதனால அது மேல கைக்கு தட்டுப்படுற மாதிரி ஒரு பொட்டு ஒட்டி வச்சிருக்கேன்.